நிறமியும் பார்வையும்: அல்பினிசத்தின் மரபியல்

அல்பினிசத்துடன் பிறந்த ஒருவரைக் காண்போரின் கண்ணில் முதலில் படுவது வெண்மையே என்பதால், வெளிறிய தோலையும் வெள்ளையாகவோ வைக்கோல் நிறத்திலோ அமைந்த முடியையும் கொண்டு அந்நிலையைத் தோலின் குறைபாடாகக் கருதும் வழக்கம் எல்லா நாடுகளிலும் ஏற்பட்டுவிட்டது. உண்மையில் அந்நிலையுடையோரின் அன்றாட வாழ்வை மிகுதியும் பாதிப்பது தோலின் நிறமன்று, பார்வைக் குறைவு. அக்குறைவுக்கு அடிப்படையான மாற்றங்களோ குழந்தை பிறப்பதற்கு முன்னரே விழித்திரையிலும் பார்வை நரம்பிலும் தொடங்கிவிடுகின்றன. கிரகண வேளையில் கருவுற்ற பெண் வெளியே வந்ததால் இது நேர்வதில்லை. குங்குமப்பூ கலந்த பாலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தொடுவதாலோ உடன் உண்பதாலோ பிறருக்கு ஒட்டுவதுமில்லை. பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்து சேரும் மரபணு மாற்றங்களின் விளைவு இது என்பதும், ஒரே பெயரால் சுட்டப்படினும் இது ஒரே நோயன்று, ஒன்றுபோல் தோற்றமளிக்கும் பல நிலைகளின் தொகுதி என்பதும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வின் வழியாகப் படிப்படியாகத் தெளிவுபட்டவை.

வெண்புள்ளி எனப்படும் விட்டிலிகோவிலிருந்து இதை வேறுபடுத்திக் காண்பது முதற்படியாகும். வெண்புள்ளி பிறந்த பின் தோன்றுவது; அதில் உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே நிறமிச் செல்களைத் தாக்கி அழிப்பதால், அச்செல்கள் அழிந்த இடங்களில் மட்டும் தோல் வெளுக்கிறது. அல்பினிசத்திலோ நிறமிச் செல்கள் தத்தம் இடங்களில் வழக்கமான எண்ணிக்கையிலேயே உள்ளன. அவை செய்ய வேண்டிய வேலையை அவற்றால் செய்ய முடிவதில்லை, அல்லது முழுமையாகச் செய்ய முடிவதில்லை.

அந்த வேலை மெலனின் என்னும் நிறமியைத் தயாரிப்பது. மெலனோசைட்டுகள் எனப்படும் இச்செல்கள், கருவளர்ச்சியின் தொடக்கத்தில், பிற்காலத்தில் தண்டுவடமாகப் போகும் நரம்புக் குழலின் விளிம்பிலிருந்து புறப்பட்டு உடல் முழுதும் பரவித் தோலிலும் முடியின் வேரிலும் கண்ணிலும் நிலைகொள்கின்றன. அவற்றுக்குள் மெலனோசோம் என்னும் நுண்பைகள் உள்ளன. உணவிலுள்ள புரதங்களிலிருந்து கிடைக்கும் டைரோசின் என்னும் அமினோ அமிலம், இப்பைகளுக்குள், தாமிர அணுக்களைத் தன்னகத்தே கொண்ட டைரோசினேஸ் என்னும் நொதியால் முதலில் டோப்பாவாகவும் பின்னர் டோப்பாகுவினோனாகவும் மாற்றப்படுகிறது. அதன்பின் நிகழும் வினைகளால் அது கரும்பழுப்பான யூமெலனினாக முடியலாம். கந்தகமுள்ள சிஸ்டீன் வந்து சேருமாயின் செம்மஞ்சளான ஃபியோமெலனினாக முடியலாம். நறுக்கிவைத்த கத்தரிக்காயும் வாழைக்காயும் சற்று நேரத்தில் கறுப்பது இதே நொதிக் குடும்பத்தைச் சேர்ந்த தாமிர நொதி ஒன்றின் செயலே ஆகையால், இவ்வேதிவினையின் உறவுமுறை ஒன்றை ஒவ்வொரு சமையலறையிலும் காணலாம். உருவான நிறமிப் பைகள் சுற்றியுள்ள தோல் செல்களுக்குக் கைமாற்றப்பட்டு, அச்செல்களின் உட்கருவுக்கு மேலே கவிந்து, புற ஊதாக் கதிர்கள் டி.என்.ஏ.வைச் சிதைக்காதவாறு தடுக்கின்றன. கறுத்த தோலருக்கும் வெளுத்த தோலருக்கும் இடையே நிறமிச் செல்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை என்பதும், நிறமிப் பைகளின் அளவும் செறிவும் பரவலும்தான் வேறுபடுகின்றன என்பதும் நிறத்தைப் பற்றி மிகையாகப் பேசும் சமூகங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இந்நிலை தலைமுறைகளின் வழியே எவ்வாறு செல்கிறது என்ற கேள்வி மரபியலின் தொடக்க காலத்தோடு பிணைந்தது. மெண்டலின் பட்டாணி ஆய்வுகள் 1900இல் மீண்டும் கண்டறியப்பட்ட இரண்டே ஆண்டுகளில், பிரான்சின் நான்சி நகரில் பணியாற்றிய லூசியன் க்யூனோ சாம்பல்நிற எலிகளையும் வெள்ளெலிகளையும் கலந்து, முதல் தலைமுறையில் எல்லாம் சாம்பல்நிறமாகவும் அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று வெள்ளையாகவும் பிறப்பதைக் காட்டினார். விலங்குகளுக்கும் மெண்டலின் விதிகள் பொருந்தும் என்பதற்குக் கிடைத்த முதற்சான்றுகளுள் ஒன்று இவ்வாறு அல்பினிச எலிகளிடமிருந்து வந்தது. 1908இல் லண்டன் அரச மருத்துவர் கழகத்தில் ஆர்ச்சிபால்ட் கேரொட் ஆற்றிய குரூனியன் சொற்பொழிவுகள் அடுத்த படியாக அமைந்தன. அல்காப்டனூரியா, சிஸ்டினூரியா, பென்டோசூரியா ஆகியவற்றுடன் அல்பினிசத்தையும் சேர்த்து, இவை நான்கும் பிறவியிலேயே வரும் வளர்சிதை மாற்றப் பிழைகள் என்று அவர் வகைப்படுத்தினார். உடலின் வேதிவினைத் தொடரில் ஒரு படியை நடத்த வேண்டிய நொதி இல்லாமற்போவதே இத்தகைய நிலைகளின் காரணம் என்ற அவரது கருத்து, மரபணு என்பது எதனால் ஆனது என்றே தெரியாத காலத்தில் முன்வைக்கப்பட்டது என்பதை நினைக்கும்போதுதான் அதன் துணிவு விளங்கும்.

ஏறத்தாழ ஒவ்வொரு மரபணுவும் மனிதரிடம் இரு பிரதிகளாக, தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக, அமைந்துள்ளது. டைரோசினேஸைப் பொறுத்தவரை ஒரு பிரதி செயல்பட்டாலே தேவையான நிறமி உருவாகிவிடும் என்பதால், மற்றொரு பிரதியில் பழுது இருப்பினும் அது வெளியே தெரிவதில்லை. இத்தகைய பண்பு ஒடுங்கு பண்பு எனப்படும். பழுதான ஒரு பிரதியை மட்டும் உடையவர் தாங்கி எனப்படுவார். தாங்கிகளான இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பழுதான பிரதிகளும் வந்து சேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இவ்வாய்ப்பு ஒவ்வொரு கருவுக்கும் புதிதாகத் தொடங்குவது. முதற்குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூவருக்கு வராது என்று கொள்வது தவறு. கறுத்த பெற்றோருக்கு, குடும்பத்தில் எவரும் கண்டிராத வெள்ளைக் குழந்தை பிறப்பது இதனால்தான். இந்த எளிய கணக்கு தெரியாமையின் விலையைப் பெரும்பாலும் தாய்மாரே கொடுத்துள்ளனர். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில், வெள்ளைக்காரனுக்குப் பெற்ற பிள்ளை என்ற பழியோடு மனைவியர் கைவிடப்பட்டுள்ளனர். மரபியலின்படி பார்த்தாலோ, அக்குழந்தையின் நிலையில் தந்தையின் பங்கும் தாயின் பங்கும் சரிபாதி.

உலகளவில் ஏறத்தாழ 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் அல்பினிசத்துடன் பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. கேரொட் சொற்பொழிவாற்றிய அதே 1908இல் ஹார்டி, வைன்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியே வகுத்த வாய்பாட்டின்படி, ஒரே மரபணுதான் காரணம் என எளிமைப்படுத்திக் கணக்கிட்டால், இவ்வளவு அரிய நிலைக்குக்கூட ஏறத்தாழ 70 பேருக்கு ஒருவர் தாங்கியாக இருப்பார். தான்சானியாவில் ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்நிலை காணப்படுவதால் அங்கே தாங்கிகளின் பங்கு ஏறத்தாழ 19இல் ஒன்று ஆகிறது. உறவுக்குள் மணப்பது இக்கணக்கை எவ்வாறு மாற்றும் என்பது தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் கேள்வி. இந்திய மாநிலங்களில் இரத்த உறவுத் திருமணங்கள் மிகுந்தவற்றுள் தமிழ்நாடும் ஒன்று. மேற்கண்ட எளிய கணக்கிலேயே, அத்தை மகளையோ மாமன் மகளையோ மணப்போரின் குழந்தைக்கு அல்பினிசம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1,900இல் ஒன்றாகவும், தாய்மாமனை மணப்போரின் குழந்தைக்கு 1,000இல் ஒன்றாகவும் உயர்கிறது. இருவருக்கும் பொதுவான மூதாதை ஒருவரிடம் இருந்த ஒரே பழுதான பிரதி இரு வழிகளிலும் இறங்கிவந்து ஒரே குழந்தையிடம் சந்திக்கக் கூடும் என்பதே காரணம். எனினும் 1,000இல் ஒன்று என்பது 999 குழந்தைகளுக்கு இந்நிலை வராது என்பதையும் குறிக்கும்; உறவுமணத்தால்தான் அல்பினிசம் வருகிறது என்று பொதுப்பட உரைப்பதும் சரியன்று. தாங்கிகள் மிகுந்துள்ள தான்சானியா போன்ற நாடுகளில் எவ்வித இரத்த உறவும் இல்லாத இணையருக்கே பெரும்பாலும் இத்தகைய குழந்தைகள் பிறக்கின்றன.

நொதி ஒன்று, மரபணு ஒன்று என்ற சித்திரம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஒடுங்கு பண்பின் விதிப்படி, அல்பினிசமுடைய இருவர் மணந்துகொண்டால் பிறக்கும் குழந்தைகள் அனைவரும் அல்பினிசத்துடனேயே பிறக்க வேண்டும். ஏனெனில் பெற்றோரிடம் செயல்படும் பிரதி ஒன்றேனும் இல்லை. ஆனால் அத்தகைய இணையர் ஒருவருக்கு இயல்பான நிறமுள்ள குழந்தைகள் பிறந்ததைப் பிரிட்டனின் கண் மருத்துவர் பேட்ரிக் டிரெவர்-ரோப்பர் 1952இல் வெளியிட்டார். இதற்குப் பொருந்தும் விளக்கம் ஒன்றே: தந்தையிடம் பழுதான மரபணு வேறு, தாயிடம் பழுதான மரபணு வேறு, ஒருவரிடம் இல்லாததை மற்றவர் அளித்ததால், குழந்தைகளிடம் இரு மரபணுக்களிலும் செயல்படும் பிரதி ஒவ்வொன்று அமைந்துவிட்டது. பின்னர் அமெரிக்காவின் கார்ல் விட்காப், பிடுங்கிய முடியின் வேரை டைரோசின் கரைசலில் இட்டுப் பார்த்து, சிலரின் முடிவேர் கறுப்பதையும் சிலரின் முடிவேர் வெள்ளையாகவே இருப்பதையும் கொண்டு அல்பினிசத்தை இரண்டாகப் பிரித்தார். முடிவேர் கறுத்தவர்களிடம் நொதி இருந்தது. இருந்தும் உடலுக்குள் அது வேலை செய்ய இயலாத நிலையில் இருந்தது.

கண், தோல், முடி ஆகிய மூன்றையும் தொடும் அல்பினிசத்தின் வகைகள் இன்று மரபணுவின்படி எண்ணிடப்படுகின்றன. 11ஆம் குரோமோசோமில் உள்ள டைரோசினேஸ் மரபணுவே பழுதானால் அது முதல் வகை. இந்தியாவில் ஆராயப்பட்டவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. நொதி முற்றிலும் செயலிழந்தால் வாழ்நாள் முழுதும் வெண்மை மாறாது; ஓரளவு செயல்பட்டால் வயது ஏற ஏற முடியில் சிறிது நிறம் சேரும். இவ்வகையிலேயே விந்தையான ஒரு கிளை உண்டு. நொதியின் வடிவம் சற்றே மாறி, உடலின் வெப்பமான பகுதிகளில் செயலிழந்து குளிர்ந்த பகுதிகளில் மட்டும் செயல்படுவதால், அக்கிளையைச் சேர்ந்தவர்களின் தலைமுடியும் அக்குள் முடியும் வெள்ளையாக இருக்க, கைகால்களின் முடி கருமை கொள்கிறது. காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை மட்டும் கறுத்த சயாம் பூனையின் நிறக்கோலத்துக்கும் இதே வெப்ப உணர்வுள்ள டைரோசினேஸ்தான் காரணம்.

ஆப்பிரிக்காவில் மிகுந்திருப்பது இரண்டாம் வகை. 15ஆம் குரோமோசோமில் உள்ள அதற்குரிய மரபணு நொதியைத் தயாரிப்பதில்லை. நிறமிப் பையின் உள்ளே அமிலத்தன்மையைச் சீராக வைத்து, நொதி வேலை செய்வதற்கு ஏற்ற சூழலை உருவாக்கும் புரதத்தைத் தயாரிக்கிறது. தான்சானியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஜிம்பாப்வேயிலும் இவ்வகையினரிடம் பெரும்பாலும் காணப்படுவது ஒரே மாற்றம்: அம்மரபணுவில் ஏறத்தாழ 2,700 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு காணாமற்போயிருப்பது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் வாழும் மக்களிடம் அதே துண்டு அதே இடத்தில் அறுபட்டிருப்பதால், இது தொன்மையான ஒரு மூதாதையிடம் ஒரே முறை தோன்றி, மக்களின் இடப்பெயர்ச்சியோடு பரவியது என்று ஆய்வாளர் கொள்கின்றனர். நான்காம் வகைக்குரிய மரபணு ஜப்பானியரிடையே குறிப்பிடத்தக்க அளவில் பழுதுபடுகிறது. வண்டலூர் உள்ளிட்ட உயிரியல் பூங்காக்களில் கூட்டம் சேர்க்கும் வெள்ளைப் புலியின் நிறத்துக்குக் காரணமும் அதே மரபணுவில் நேர்ந்த வேறொரு சிறு மாற்றமே என்பது 2013இல் அறியப்பட்டது. புலியின் கறுப்புப் பட்டைகள் எஞ்சியிருப்பதால் அது அல்பினிசமாகாது என்பது உண்மைதான். ஆயினும் வெள்ளைப் புலிகளிடம் மாறுகண் அடிக்கடி காணப்படுவது தற்செயலன்று என்பதைக் கண்ணைப் பற்றிய பகுதி விளக்கும்.

நிறமிப் பைகளைப் போன்றே உருவாகும் வேறு நுண்பைகளும் சேர்ந்து பழுதுபடும் நிலைகள் அரியவை, ஆனால் ஆபத்தானவை. 1959இல் விவரிக்கப்பட்ட ஹெர்மான்ஸ்கி-புட்லாக் நோய்க்குறித்தொகுதியில் இரத்தத் தட்டணுக்களின் பைகளும் குறைபடுவதால் காயத்தில் இரத்தம் எளிதில் உறைவதில்லை, சில வகைகளில் நுரையீரலும் தழும்பேறிச் சுருங்குகிறது. செடியாக்-ஹிகாஷி குறித்தொகுதியில் நோயெதிர்ப்பு ஆற்றலே குன்றுகிறது. அல்பினிசமுள்ள குழந்தைக்கு எளிதில் கன்றிப்போவதும் மூக்கில் இரத்தம் வடிவதும் இருந்தால், அதைத் தனியே ஆராய வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவது இதனால்தான். கண்ணை மட்டும் தொடும் மற்றொரு வகையின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், ஒரே எக்ஸ் உடைய ஆண்களிடமே அது பெரும்பாலும் வெளிப்படுகிறது. தோலும் முடியும் ஏறத்தாழ இயல்பான நிறத்திலேயே இருக்க, கண் மட்டும் அல்பினிசத்தின் எல்லா அடையாளங்களையும் காட்டும் இவ்வகை, இந்நிலையின் மையம் எங்கே உள்ளது என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது.

அல்பினிசக் கண்கள் சிவப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை கதைகளாலும் திரைப்படங்களாலும் வளர்ந்தது. பெரும்பாலோரின் கண்கள் நீலம், சாம்பல், வெளிர்பழுப்பு ஆகிய நிறங்களிலேயே உள்ளன. கண்ணுக்குள் வரும் ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் ஐரிஸில் நிறமி இல்லாததால், பாவையின் வழியாக மட்டுமன்றி ஐரிஸை ஊடுருவியும் ஒளி உட்புகுகிறது. விழித்திரையின் பின்னே மிகுதியான ஒளியை உறிஞ்ச வேண்டிய நிறமிப் படலமும் வெறுமையாக இருப்பதால் அவ்வொளி உள்ளே சிதறுகிறது. வெயிலில் கண் கூசுவதற்கு இது போதிய விளக்கம். ஆனால் கருப்புக் கண்ணாடி அணிந்து கூச்சத்தை முற்றிலும் நீக்கினாலும் பார்வை தெளிவடையாது; ஏனெனில் ஆழமான குறை ஒளியைச் சார்ந்ததன்று, அமைப்பைச் சார்ந்தது. நூலின் எழுத்தையும் எதிரே நிற்பவரின் முகத்தையும் நுணுக்கமாகக் காண உதவும் விழித்திரையின் மையக்குழி அல்பினிசத்தில் சரிவர உருவாவதில்லை. குழந்தைக்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும்போது கண்கள் தாமாகவே இடமும் வலமும் ஆடத் தொடங்குகின்றன. விழிநடுக்கம் எனப்படும் இவ்வாட்டத்தைப் பெற்றோர் முதலில் கவனித்து மருத்துவரிடம் செல்வது வழக்கம். கண்ணாடியால் கிட்டப்பார்வை, தூரப்பார்வை, உருவச்சிதறல் ஆகியவற்றைத் திருத்த முடியுமேயன்றி, உருவாகாத மையக்குழியை ஈடுசெய்ய முடியாது.

இதைவிட வியப்பானது பார்வை நரம்பின் போக்கு. இயல்பான மனிதரில் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் வரும் நரம்பிழைகளில் ஏறத்தாழ 55 விழுக்காடு மூளையின் அடியில் உள்ள சந்திப்பில் எதிர்ப்புறத்துக்குக் கடந்துசெல்ல, எஞ்சியவை அதே பக்கத்தில் தொடர்கின்றன. இவ்வாறு ஒரே காட்சியைப் பற்றி இரு கண்களும் தரும் செய்திகள் மூளையில் ஓரிடத்தில் கூடுவதால்தான் பொருள்களின் ஆழமும் தொலைவும் நுட்பமாகப் புலப்படுகின்றன. அல்பினிசத்தில், கடக்கக் கூடாத இழைகள் பலவும் கடந்துவிடுகின்றன. 1969இல் ரெய்னர் கில்லரி சயாம் பூனைகளின் மூளையில் இத்தகைய தடமாற்றத்தைக் கண்டறிந்தார். அடுத்த சில ஆண்டுகளில் வெள்ளைப் புலியிலும் பின்னர் அல்பினிசமுடைய மனிதரின் மூளையிலும் அதுவே காணப்பட்டது. வெள்ளைப் புலியின் மாறுகண் இத்தடமாற்றத்தோடு தொடர்புடையது. பூனை, புலி, மனிதன் என்று இனம் மாறியும், பழுதான மரபணு மாறியும், விளைவு மாறாதிருப்பதால், கருவில் விழித்திரை வளரும்போது அதன் நிறமிப் படலத்தில் நிகழும் மெலனின் தயாரிப்பே நரம்பிழைகளின் வழியை நெறிப்படுத்துவதில் பங்கு கொள்கிறது என்பது உறுதியாயிற்று. தோலுக்குக் குடையாக மட்டும் கருதப்பட்ட நிறமி, மூளைக்குச் செல்லும் தடங்களை வகுப்பதிலும் கை கொண்டிருப்பது, உயிரியலில் ஒரு பொருளுக்கு ஒரே பயன் என்று எண்ணுவோரைத் திகைக்க வைப்பது.

தோலின் ஆபத்து நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. மேகமூட்டம் மிகுந்த வட ஐரோப்பாவில் ஓரளவு கவனத்தோடு வாழ்ந்தால் போதும். நிலநடுக்கோட்டுக்கு அருகே வயலிலும் சந்தையிலும் உழைக்கும் தான்சானியரிடம் சூரிய ஒளியின் சேதம் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி, இளமையிலேயே செதிள் செல் புற்றுநோயாக முற்றக் கூடும். முழுக்கை ஆடை, அகன்ற விளிம்புள்ள தொப்பி, ஒளித்தடுப்புக் களிம்பு ஆகியவற்றால் பெரிதும் தவிர்க்கத்தக்க நோய் இது. கிளிமஞ்சாரோ மலையடிவாரத்து மோஷி நகரில் உள்ள தோல் மருத்துவப் பயிற்சி மையம் இதற்கெனவே ‘கிலிசன்’ என்னும் களிம்பைத் தயாரித்து வழங்கிவருகிறது. அந்நாட்டிலும் மலாவி முதலிய அண்டை நாடுகளிலும் வெயிலைவிடக் கொடியதாக இருந்தது மூடநம்பிக்கை: அல்பினிசமுடையோரின் உடலுறுப்புகள் செல்வம் தரும் என்று நம்பி நடத்தப்பட்ட கொலைகள் இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் உலகின் கவனத்தை ஈர்த்தன. 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஜூன் 13ஐ உலக அல்பினிச விழிப்புணர்வு நாளாக அறிவித்ததும், மறு ஆண்டில் நைஜீரியாவைச் சேர்ந்தவரும் தாமே அல்பினிசமுடையவருமான இக்போன்வோசா எரோ இத்துறையின் முதல் தனி வல்லுநராக ஐ.நா. மனித உரிமை மன்றத்தால் நியமிக்கப்பட்டதும் இப்பின்னணியில்தான்.

மருந்தால் நிறமியைக் கூட்டும் முயற்சியும் நடந்துள்ளது. உடலில் டைரோசினின் அளவை உயர்த்தும் நிட்டிசினோன் என்னும் மருந்தைக் கொண்டு, நொதி ஓரளவேனும் எஞ்சியிருக்கும் முதல் வகையினர் சிலரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட சிறிய ஆய்வில், முடியிலும் தோலிலும் நிறம் சற்றே கூடியது. பார்வையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்படவில்லை. வளர்ந்தவர்களிடம் நரம்பின் தடமும் மையக்குழியும் முன்பே அமைந்து முடிந்தவையாகையால் இம்முடிவு எதிர்பாராததன்று. ஆகவே இன்றைக்குப் பயன் தருபவை எளியவையே: முதல் ஆண்டிலேயே கண் பரிசோதனை, பொருத்தமான கண்ணாடி, வகுப்பில் முன்வரிசை இருக்கை, சன்னலுக்கு எதிரே அமர்த்தாமை, பெரிய எழுத்துப் பாடநூல், உருப்பெருக்கி. விழிநடுக்கத்தைக் குறைக்கும் பொருட்டுத் தலையை ஒருபுறம் சாய்த்துப் பார்க்கும் பிள்ளையை நேராகப் பார்க்குமாறு ஆசிரியர் அதட்டுவது, அப்பிள்ளை தானாகக் கண்டறிந்த ஒரே சிகிச்சையைப் பறிப்பதாகும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அல்பினிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. திருத்தப்பட்ட பார்வை சட்டம் வகுத்த அளவுக்குக் கீழே இருந்தால் ‘குறைபார்வை’ என்ற பிரிவில் சான்றிதழ் கிடைக்கும். அச்சான்றிதழுக்கான பார்வைக் கூர்மை அளக்கப்படுவதோ கூரையின் கீழே, கூசாத வெளிச்சத்தில் தொங்கும் எழுத்து அட்டையைக் கொண்டுதான். சித்திரை வெயிலில் பேருந்தின் எண்பலகையைப் படிக்க முயலும்போது அந்தக் கூர்மை எவ்வளவாகக் குறைகிறது என்பதற்கு விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை.